அமில மழை, மலை உயரம், வைரம் பாய்ந்த மரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடுமலைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் தோட்டமும் ஒரு சின்ன நாற்றங்காலும் இருக்கின்றன. மச்சானுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். கீழே சுண்ணாம்பு மண், மேலே புளித்த மண் என்று இரண்டிலும் காலை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓடிவிட்டது. கன்று வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் பாதி, "மழையில ஏதோ விஷம் வருதாமே" என்றுதான் ஆரம்பிக்கும். அமில மழை வன்மரங்களை என்ன செய்யும், மலை ஏற ஏற அது ஏன் கூடுதலாக உறைக்கும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, ஆசிட் மழைன்னா மேல பட்டா தோல் பொத்துப் போகுமா?

போகாது. புளிப்பையும் காரத்தையும் அளக்க பிஹெச் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம். ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடும், இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எந்தக் கெடுதலும் இல்லாத சுத்தமான மழையே 5.6 பக்கம்தான் இருக்கும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மழைத்துளியில் கரைவதால் வரும் லேசான புளிப்பு அது. நிலக்கரியும் டீசலும் எரியும்போது வரும் கந்தக வாயுவும் நைட்ரஜன் வாயுக்களும் மேகத்தில் கலந்து கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் மாறினால் 5-க்குக் கீழே இறங்கும். அதைத்தான் அமில மழை என்கிறோம். மிக மோசமான ஊர்களில்கூட 4 பக்கம் இருக்கும். தக்காளிச் சாறு கிட்டத்தட்ட அவ்வளவு புளிப்பு. தோலுக்கு ஒன்றும் ஆகாது.

பெயர் புதிதல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆலைப் புகையையும் மழையையும் ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் 1872-லேயே இந்தச் சொல்லை எழுதிவிட்டார்.

நம்ம கொங்கு நாட்டுல அமில மழை பெய்யுதா?

சமவெளியைக் கேட்டால், பெரிதாகக் கவலைப்பட ஒன்றும் இல்லை. காரணம் நம்முடைய புழுதி.

கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றைப் பார்த்திருப்பீர்கள். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் மண் எழும்பி வானம் செம்பழுப்பாகிவிடும். அந்தப் புழுதியில் சுண்ணாம்பு இருக்கிறது. மழைத்துளியில் இருக்கும் அமிலத்தை அது மேலேயே முறித்துவிடுகிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் மழை நெடுங்காலம் நடுநிலையாகவோ சற்றுக் காரமாகவோ இருந்ததற்கு இந்தப் புழுதிதான் முக்கியக் காரணம். வானிலைத் துறை மழைநீரின் வேதியியலை அளக்க நாட்டில் வைத்திருக்கும் சில நிலையங்களில் நமக்கு அருகே இருப்பது கொடைக்கானல். பல ஊர்களில் அளவு மெல்ல மெல்லப் புளிப்புப் பக்கம் நகர்ந்து வருகிறது என்பதும் அந்தப் பதிவுகளில் தெரிகிறது. ஆகவே "நமக்கு எப்பவும் வராது" என்று மார்தட்டவும் வேண்டாம்.

புழுதியைத் தாண்டி அமிலம் கீழே வந்தாலும், இங்கே மண் அதை விழுங்கிவிடும். கிணறு வெட்டும்போது நாலடி ஆழத்தில் வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாக வருமே, சுக்கான் கல், அதுதான் சுண்ணாம்பு. ஒரு துண்டை எடுத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். காதருகில் வைத்தால் மெல்லிய இரைச்சலோடு நுரைப்பது கேட்கும். என் தோட்டத்தில் கரிசல் மண்ணை உள்ளங்கையில் வைத்துச் செய்தாலும் நுரைக்கும். அதே பழத்தின் மறுபாதியை மச்சான் தோட்டத்துச் செம்மண்ணில் பிழிந்தேன். சும்மா நனைந்தது, அவ்வளவுதான்.

சமையலறையிலும் இது தெரியும். எங்கள் போர்த் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் மாதத்துக்கு ஒருமுறை வெள்ளைப் பொருக்கு பிடித்துவிடும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் வருஷம் முழுக்கக் காய்ச்சினாலும் பாத்திரம் பளிச்சென்று இருக்கும். சிறுவாணி மலையில் கரைவதற்குச் சுண்ணாம்பு அவ்வளவாக இல்லை. அந்தத் தண்ணீரின் ருசிக்கும், மேலே மலைமண்ணின் ஏழ்மைக்கும் காரணம் ஒன்றே.

வன்மரம்னு எதைச் சொல்றீங்க? தென்னை, பனையெல்லாம் சேருமா?

சேராது. தாவரவியலில் வன்மரம் என்றால் அகல இலையும் பூவும் கொண்ட மரங்கள். ஊசியிலை மரங்கள் மென்மரம். பெயரைப் பார்த்துக் கெட்டி, இளக்கம் என்று முடிவு செய்ய முடியாது. முருங்கை மாதிரி நகத்தால் கீறக்கூடிய மரமும் இந்தக் கணக்கில் வன்மரம்தான். நம்மவர்கள் மரத்தை வைரத்தை, அதாவது அதன் கெட்டிப் பகுதியை, வைத்துப் பிரித்தார்கள். உள்ளே வைரம் பாய்ந்தது அகக்காழ், பனை தென்னை மாதிரி வெளிப்பக்கம் கெட்டியாக இருப்பது புறக்காழ். நான் இங்கே பேசுவது அகக்காழ் மரங்களை: தேக்கு, ஈட்டி, வேங்கை, மருதம், வேம்பு, வாகை, உசிலை, வெள்வேல், சில்வர் ஓக் வகையறா.

மழை மரத்தை எந்த வழியில கெடுக்குது? இலையையா, வேரையா?

எல்லோரும் இலையைத்தான் பார்க்கிறார்கள். இலை நேரடியாகப் பொத்துப் போக மழை 3-க்கும் கீழே புளித்திருக்க வேண்டும். அப்படி ஒரு மழை நம்மூரில் பெய்து யாரும் பார்க்கப்போவதில்லை. கெடுதல் நடப்பது மண்ணுக்குள்ளே, பல வருஷம் எடுத்துக்கொண்டு.

மண்துகள் ஒவ்வொன்றும் தன்மேல் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றை ஒட்டி வைத்திருக்கும். வேர் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அமிலம் வந்தால் ஹைட்ரஜன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு கால்சியத்தைக் கிளப்பிவிடும். கிளம்பிய கால்சியம், அமிலத்தோடு வந்த சல்பேட், நைட்ரேட்டுடன் சேர்ந்து தண்ணீரோடு ஓடைக்குப் போய்விடும். இது முதல் நஷ்டம்.

இரண்டாவதுதான் மோசமானது. மண்ணின் பிஹெச் 5-க்குக் கீழே இறங்கும்போது, அதுவரை களிமண்ணில் கல்லாகக் கிடந்த அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். கரைந்த அலுமினியம் சல்லிவேரின் நுனியைக் கருக்கும். வேர் கால்சியத்தை உறிஞ்சும் வாசலையும் அடைத்துவிடும். மண்ணில் மிச்சமிருக்கும் கொஞ்சம் சத்தும் மரத்துக்குக் கிடைக்காது.

கால்சியம் குறைந்த மரம் உடனே சாகாது. அதுதான் இதில் ஏமாற்றுவேலை. செல்சுவர் கெட்டிப்படுவது, வறட்சியில் இலைத்துளையை மூடுவது, வெட்டுக்காயத்தை ஆற்றுவது, குளிரைத் தாங்குவது எல்லாவற்றுக்கும் கால்சியம் வேண்டும். அது குறைந்தால் மரம் பார்க்க நன்றாகவே நிற்கும். ஒரு வறட்சி, ஒரு புழுத்தாக்குதல், ஒரு குளிர் வரும்போது பக்கத்து மரம் தேறிவிடும், இது தேறாது. உச்சி காய்ந்து கீழே இறங்கும். நாம் புழுவைக் குற்றம் சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.

மக்னீசியம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நடுவில் மஞ்சளாகும். இளம் இலையில் அப்படி மஞ்சளானால் அது வேறு கதை. அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. நம் சுண்ணாம்பு மண்ணில் நித்தம் பார்ப்பது அதைத்தான். புளிப்புக்கு நேர் எதிரான நோய். இரண்டையும் குழப்பிக்கொண்டு, கரிசல் காட்டில் சுண்ணாம்பு போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உயரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மலைமேல காத்து சுத்தமாத்தானே இருக்கு?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள். வெள்ளைக்கல் என்பது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அந்தப் பக்கம் மண்ணில் மக்னீசியத்துக்குப் பஞ்சமே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1,500 மீட்டருக்குப் போனால் மேலே கிடைப்பது பாக்சைட், அலுமினியத்தின் தாது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. பாக்சைட் எப்படி உண்டாகிறது? லட்சக்கணக்கான வருஷம் பெய்த மழை, பாறையிலிருந்து சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் மணற்சத்தையும்கூடக் கழுவிக்கொண்டு போய்விட, எளிதில் அசையாத அலுமினியமும் இரும்பும் மட்டும் மிஞ்சுவதுதான் பாக்சைட். ஆலைப்புகை என்ற ஒன்று பிறக்கும் முன்பே மலையுச்சி மண் ஏழையாகிவிட்டது. போதாக்குறைக்கு, மிஞ்சியிருப்பது வேருக்கு ஆகாத அதே அலுமினியம். ஒரு மணிநேரப் பயணத்தில் ஒரு முனையில் சீமான், மறுமுனையில் பரதேசி.

ஆக முதல் காரணம் மண். உச்சியிலிருந்து கழுவியது சரிவின் அடியில் வந்து சேரும். ஒரே மலையில் ஓடையோரத்து மரம் கொழுகொழுவென்றும், முகட்டு மரம் வற்றலாகவும் நிற்பதை எந்த மலைவாசியும் காட்டுவார்.

இரண்டாவது, மழையின் அளவு. கோயம்புத்தூரில் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் சரி. வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாற்றில் அதைப்போலப் பல மடங்கு கொட்டும். கழுவுகிற தண்ணீர் அத்தனை மடங்கு.

மூன்றாவது, மூடுபனி. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. மழைத்துளி பெரியது, அமிலம் அதில் நீர்த்துப்போய் வரும். மேகத்துளி பொடியானது, அதே அமிலம் கொஞ்சம் தண்ணீரில் செறிந்து கிடக்கும். மேகம் தரையைத் தொடும் உயரத்தில் நிற்கிற மரம், மணிக்கணக்கில் அந்த மேகத்தை இலையால் வடிகட்டிக்கொண்டே நிற்கிறது. மார்கழிக் காலையில் மச்சான் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால் வானத்தில் மழை இருக்காது, தலையில் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கும். மழைமானியில் இது பதிவாகாது, மரத்தின் கணக்கில் மட்டும் ஏறும்.

நான்காவது, குளிரும் காற்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். குளிரில் இலைமக்கு மெதுவாக மட்கும், சத்து திரும்பி மண்ணுக்கு வரவும் தாமதமாகும். முகட்டில் மண் ஓரடி, ஒன்றரை அடிதான். மரத்துக்குக் கையிருப்பு எல்லாப் பக்கமும் குறைவு. காற்று சுத்தமாகவே இருக்கட்டும், கீழே ஒன்றும் ஆகாத அளவு அமிலம் மேலே உறைக்கும்.

இதெல்லாம் நிஜமா எங்கயாவது நடந்திருக்குதுங்களா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில். அங்கே சர்க்கரை மேப்பிள் என்று ஒரு வன்மரம், அதன் பாலைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். நமக்குப் பனை எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. பென்சில்வேனியாவின் அலெகேனி மேட்டுநிலத்தில் 1980-களிலும் 90-களிலும் இந்த மரங்கள் கூட்டமாகக் காய்ந்தன. ஆராய்ந்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. பனியுகத்துப் பனிப்பாறைகள் எட்டாத பழைய மண்ணில், மேட்டின் உச்சியிலும் மேல்சரிவிலும் நின்ற மரங்களே அதிகம் போயின. கீழ்ச்சரிவு மரங்கள் அதே மழையில் நனைந்து, அதே புழுவுக்கு இலையைக் கொடுத்தும் பிழைத்துக்கொண்டன. மேலே கால்சியமும் மக்னீசியமும் குறைவு, கீழே போதுமான அளவு. 1985-ல் அங்கே ஒரு காட்டில் டோலமைட் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார்கள். மேப்பிள் தேறியது. பக்கத்திலேயே நின்ற கருஞ்செர்ரி மரத்துக்கு அதனால் பலன் இல்லை. மரத்துக்கு மரம் சுண்ணாம்புப் பசி வேறு.

நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்டு புரூக் என்ற ஆய்வுக்காட்டில் ஜீன் லைக்கன்ஸ் குழுவினர் 1963-ல் மழைநீரை எடுத்து அளந்தபோது, இருக்கவேண்டியதைவிட நூறு மடங்கு புளிப்பு இருந்தது. வட அமெரிக்காவில் விஷயம் வெளியே வந்தது அப்படித்தான். 1990-ல் அந்த நாடு சட்டத்தைத் திருத்திக் கந்தகப் புகையைக் குறைத்தது, மழையும் தெளிந்தது. ஆனால் மண் தெளியவில்லை, போன கால்சியம் போனதுதான். 1999-ல் ஒரு சிறிய நீர்ப்பிடிப்பு முழுவதும் ஹெலிகாப்டரில் கால்சியம் சிலிகேட் தூவினார்கள். அடுத்த சில வருஷங்களில் அந்த ஒரு சரிவில் மட்டும் மேப்பிள் மரங்கள் நிமிர்ந்தன, கன்றுகளும் கூடுதலாகப் பிழைத்தன.

அங்கே நடந்ததை அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. அவர்களுடைய மழை, குளிர், மரம் எல்லாம் வேறு. மண்ணின் கணக்கு மட்டும் எங்கும் ஒன்று.

எங்க வேப்பமரம் தீப்பிடிச்ச மாதிரி கருகிப் போச்சு. இது ஆசிட் மழைதானே?

இல்லை. அடிக்கடி வருகிற கேள்வி இது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கருகுவதால் மழைமேல் பழி போகிறது. துளிரைத் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப் பூச்சி குத்திச் சாறு உறிஞ்சும். கூடவே ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சாணம் நுனிக்கருகலைக் கொண்டுவரும். ஈரமும் குளிர்ச்சியும் இரண்டுக்கும் பிடிக்கும், அதனால்தான் அந்தப் பருவம்.

பெரிய மரம் பெரும்பாலும் சித்திரை வைகாசியில் திரும்பத் துளிர்த்துவிடும். பயந்துபோய் வெட்டிவிடாதீர்கள். கைக்கு எட்டுகிற காய்ந்த நுனிகளை வெட்டி எரித்தால் போதும். கன்றாக இருந்தால் அருகிலுள்ள வேளாண் அலுவலரைக் கேட்டு மருந்தடியுங்கள். இன்னொன்று, வேம்பு ஆழத்திலிருந்து கால்சியத்தை இழுத்து இலைவழியாக மேல்மண்ணுக்குக் கொட்டுகிற மரம். புளித்த மண்ணைக்கூட அதன் இலைமக்கு மெல்லச் சரிசெய்யும். அமில மழைக்கு முதலில் சாகிற சாதி அது கிடையாது.

தென்னை ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி இருக்குது. கரிமழையா?

அதுவும் பூச்சிதான். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்து இறங்கிய சுருள் வெள்ளை ஈ. அது விடுகிற இனிப்புத் திரவத்தின்மேல் கரும்பூசணம் படர்கிறது. மழை பெய்தால் கழுவித்தான் விடும்.

திருப்பூர்ச் சாயத் தண்ணியால மரம் பட்டுப்போச்சே, அது?

அது உப்பு. நொய்யல் கரையிலும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழேயும் நிலத்தைக் கெடுத்தது சாயக்கழிவில் இருந்த உப்பு. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதற்காகத்தான். வானத்திலிருந்து வந்த சங்கதி அல்ல, வாய்க்கால் வழியே வந்தது. மருந்தும் வேறு. அங்கே போய்ச் சுண்ணாம்பு போட்டால் பணம் தண்டம்.

மேட்டூர் அனல்மின் நிலையப் புகை ஏற்காடு, பாலமலைப் பக்கம் வருமா?

புகைக்கு வேலி கிடையாது, காற்று போகிற திசையில் போகும். மேட்டூரில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு, அப்புறம் 600 மெகாவாட் ஒன்று. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், கந்தகம் குறைவு. ஆனால் எரிக்கிற அளவு அதிகம் என்பதால் மொத்தக் கந்தக வாயு சிறிதல்ல.

இதில் ஒரு வேடிக்கை. முன்பெல்லாம் புகையோடு சாம்பலும் பறக்கும். நம் நிலக்கரிச் சாம்பல் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது, அதனால் கூடவே வந்த அமிலத்தில் ஒரு பங்கை அதுவே முறித்தது. சாம்பலைப் பிடிக்க மின்வடிகட்டி வந்தது நல்லதுதான், ஊர்க்காரர்களின் நுரையீரலுக்கு அது வேண்டும். ஆனால் கந்தக வாயு அதில் சிக்காது. அதற்கென்று எஃப்.ஜி.டி. என்ற தனி அமைப்பு வேண்டும். அதற்குள்ளே தெளிப்பதும் சுண்ணாம்புக் கல் கரைசல்தான். 2015 டிசம்பரில் மத்திய அரசு கந்தக வாயுவுக்கு வரம்பு வைத்தது. காலக்கெடு அதன்பிறகு பலமுறை தள்ளிப்போனது. சாம்பலைப் பிடித்துவிட்டுக் கந்தகத்தை விட்டால் மழை புளிப்புப் பக்கம் சாயும் என்பது என் கருத்து, அதனால் இந்த இழுத்தடிப்பு எனக்குச் சம்மதமில்லை.

எங்க தோட்டத்து மண்ணு புளிச்சுக் கிடக்கு. மழையைத்தானே குத்தம் சொல்லணும்?

மலைத்தோட்டக்காரர்கள் கேட்கிறார்கள். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம்.

வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர் மழை, அத்தனையும் பிஹெச் 4.5 என்று மோசமாகவே வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் விழும் அந்த அமிலத்தை முறிக்கச் சுமார் 10 கிலோ சுண்ணாம்பு போதும். மழையில் கரைந்துவரும் அமோனியாவையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். இப்போது உரத்தைப் பாருங்கள். 100 கிலோ அமோனியம் சல்பேட் போட்டால் அது உண்டாக்கும் புளிப்பை முறிக்க 110 கிலோ சுண்ணாம்பு வேண்டும். யூரியாவுக்கு 80 கிலோ. அதாவது 50 கிலோ கொண்ட ஒரு மூட்டை அமோனியம் சல்பேட், ஐந்து வருஷத்து மோசமான மழைக்குச் சமம். மச்சானிடம் இதைச் சொன்னபோது, "அப்போ மேகம் நானேதானா?" என்று கேட்டுவிட்டு, அந்த வருஷம் மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தார்.

இதே கணக்கைச் சமவெளிக்கும் போடலாம். மேல் அரையடி மண்ணில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே ஏக்கருக்கு 8 டன்னுக்கு மேல் வரும். நம் 650 மில்லிமீட்டர் மழை அதே புளிப்போடு பெய்தாலும் வருஷத்துக்கு 4 கிலோதான் தின்னும். அந்த அமிலம் மட்டும் தின்று தீர்க்க இரண்டாயிரம் வருஷம் ஆகும். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்து வெள்வேலுக்கும் இட்டேரி என்கிற வேலிப்பாதை ஓரத்து உசிலைக்கும் இந்த விஷயத்தில் ஒரு வெசனமும் இல்லை.

பிறகு எதற்கு மழையைப் பற்றி இவ்வளவு பேச்சு என்றால், சோலைக்காட்டுக்கும் முகட்டு மரங்களுக்கும் யாரும் சுண்ணாம்பு போடப்போவதில்லை. அங்கே வருஷத்துக்கு 10 கிலோ என்பது ஈடுசெய்யாத செலவு.

ஏற்காட்டுல தேக்கு வெக்கலாமுங்களா? கீழ நல்லா வருதே.

வேண்டாம் என்றுதான் சொல்வேன். தேக்கு சுண்ணாம்புப் பிரியன். பிஹெச் 6.5-லிருந்து 7.5 வரை உள்ள, தண்ணீர் தேங்காத மண்ணில்தான் குணமாக வரும். தேக்கு அறுக்கும்போது சில சமயம் நடுவில் வெள்ளையாகக் கல்மாதிரி ஒரு படிவு வந்து ரம்பத்தின் பல்லை மழுக்கும். அது மரம் சேர்த்து வைத்த சுண்ணாம்புச்சத்து. அவ்வளவு கால்சியம் கேட்கிற மரத்தைப் பாக்சைட்மேல் நட்டால் என்ன செய்யும்? குளிரும் ஆகாது.

ஆனைமலையில் உள்ள டாப்ஸ்லிப் தேக்குக்குப் பேர்போனது. மேலிருந்து தேக்கு மரத்தைச் சரித்துவிட்ட இடம் என்பதால்தான் அந்தப் பெயரே. வெட்டிச் சீரழிந்த தேக்குக் காட்டை மீட்ட ஹியூகோ வுட் என்ற வனஅதிகாரி அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். அந்த உயரம் ஏற்காட்டில் பாதிதான். "மலையில வருது" என்பதை எல்லா மலைக்கும் நீட்டக்கூடாது. ஆனைமலையின் நடுச்சரிவு வேறு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் முகடு வேறு.

மருத மர வகையும் கால்சியம் சேர்ப்பதில் கில்லாடி. கருமருதுப் பட்டையை எரித்த சாம்பலை வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகப் போடுகிற வழக்கம் காட்டுவாசிகளிடம் இருந்திருக்கிறது. அதையும் ஆற்றோரத்திலோ கீழ்ச்சரிவிலோ வையுங்கள், முகட்டில் வேண்டாம்.

மேலே நிழலுக்குச் சில்வர் ஓக் வைத்தவர்கள் தெரியாமல் வைக்கவில்லை. அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், புளித்த மண்ணைச் சகித்துக்கொள்ளும், மிளகுக்கொடியும் ஏறும். ஆனால் தோட்டம் முழுக்க அது ஒன்றே நின்றால் இலைமக்கும் ஒரே தினுசாகத்தான் இருக்கும். ஊடே உள்ளூர் மரங்களை விட்டுவைத்த தோட்டத்து மண் கையில் எடுத்தாலே பொலபொலவென்று இருக்கிறது.

டோலமைட் ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

மண்ணைச் சோதிக்காமல் மூட்டை சொல்கிறவர் கடைக்காரர். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலோ உங்கள் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ கொடுங்கள். பயிருக்கு அரையடி ஆழ மண் போதும். மரத்துக்கு ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று மூன்று ஆழத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மேலே 5.5 இருந்து, இரண்டடியில் 4.6 இருப்பதும் உண்டு. மரத்தின் பிரச்சினை அந்த இரண்டடியில் இருக்கும்.

டோலமைட்டில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து இருப்பதால் மலைமண்ணுக்கு வெறும் சுண்ணாம்பைவிட அது மேல். யூரியாவோடும் அமோனியா உரங்களோடும் சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும், சில வாரம் இடைவெளி விடுங்கள். தேயிலைக்காரர்கள் அளவு தாண்டக்கூடாது. தேயிலைக்குப் புளித்த மண்தான் வேண்டும், 4.5-லிருந்து 5.5 வரை. தேயிலையும் நிழல்மரமும் ஒரே மண்ணில் நிற்கும்போது யாருக்காகச் சமைப்பது என்பது எப்போதுமே ஓரியாட்டம்தான். வால்பாறையில் உள்ள, உபாசி என்ற தோட்டக்காரர் சங்கத்தின் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்டால் தேயிலைப் பக்கக் கணக்கைச் சொல்வார்கள்.

பிஹெச் 7-க்கு மேல் உள்ள சமவெளித் தோட்டத்தில் டோலமைட்டுக்கு வேலையே இல்லை.

மழைத்தண்ணிய நானே வீட்ல சோதிக்கலாமா?

தாராளமாக. ஆனால் லிட்மஸ் தாள், பிஹெச் தாள் எல்லாம் மழைநீரில் சரியாகக் காட்டாது. கரைந்த உப்பு மிகக் குறைவாக இருப்பதால் தாளின் நிறம் தடுமாறும். பேனா மாதிரி வரும் மீட்டர் வாங்கி, 4-க்கும் 7-க்கும் உள்ள கரைசலில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காட்டும் எண் நிலைக்க ஓரிரு நிமிடம் ஆகும், அவசரப்படக்கூடாது.

பிளாஸ்டிக் பாத்திரத்தை, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, திறந்தவெளியில் இடுப்புயரத்துக்கு மேல் வையுங்கள். மரத்தடி, ஓட்டு விளிம்பு, தகரக் கூரை எதுவும் ஆகாது. மழை ஆரம்பிக்கும்போது திறந்து, நின்றதும் எடுத்துவிட வேண்டும். முதல் பத்து நிமிட மழையைத் தனியாகவும், பிறகு பெய்வதைத் தனியாகவும் பிடித்தால் வித்தியாசம் தெரியும். புழுதியைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழை நடுநிலையைத் தாண்டி நிற்கலாம், அரைமணி கழித்து வருவது 6-க்குக் கீழே இறங்கலாம்.

நான் முதல்முறை வைத்தபோது 7.9 என்று காட்டியது. சந்தோஷமாக வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் காக்கை எச்சம்.